தானாக எழுந்துகொள்ளும்

எனேபிள் அடித்தேனா, அடிக்கவில்லையா. கவின் பொத்தானை அமுக்கிவிட்டான், சர்வருக்குள் இருக்கிற காற்றாடிகள் அத்தனையும் ஒரே மூச்சில் அலறி எழுந்துவிட்டன, இனிமேல் ஓடிப்போய் அடிக்கவும் முடியாது, அடித்ததை அழிக்கவும் முடியாது, இந்த இரும்புப் பெட்டி முழுசாகக் கண் விழித்து முடிக்கிற வரைக்கும் நான் இப்படியே கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். பழைய பெட்டி. எழுந்திருக்க நேரம் பிடிக்கும். ஒரு டீயை ஆற்றிக் குடித்து டம்ளரைக் கழுவி வைக்கிற நேரம். அதற்குள் தெரிந்துவிடும். ஸ்டார்ட் அடித்தது ஞாபகம் இருக்கிறது. ஸ்டார்ட் அடித்தால் டேட்டாபேஸ் அப்போதைக்கு ஓடும். கரண்ட் போய் வந்தால் படுத்துவிடும், மறுபடி ஒரு ஆள் வந்து எழுப்பவேண்டும். எனேபிள் அடித்துவிட்டால் ஆள் வேண்டாம், சர்வர் எழும்போது அதுவும் கூடவே தானாக எழுந்துகொள்ளும். அந்த ஆள் நான். இந்தப் பார்சல் ஆபீஸில் எத்தனையோ வருஷமாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான், எது எப்போது படுத்தாலும் எழுப்பி விடுவதற்காக, இல்லையென்றால் எந்த ஊர்க் கிளையிலும் ஒரு ரசீது அச்சாகாது, ரசீது இல்லாமல் ஒரு லாரியும் கிளம்பாது. முந்தாநாள் சாயங்காலம் கவின் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் பாட்டில் கொடுத்து, மரியாதையாகத்தான் சொன்னான். "மாதேஸ்ண்ணா, ஆயுத பூசைக்கு எப்படியும் சர்வரை நிறுத்துவோம். அப்பவே ஆட்டோ ஸ்டார்ட் போட்டுருங்க. விஜயதசமியன்னிக்கு அது தானா எந்திரிச்சுக்கிச்சுன்னா நைட்டுக்கு ஆள் வேண்டாம். நீங்க பகல்ல புக்கிங் கவுண்டர் பாத்துக்குங்க. சம்பளம் அதேதான். இத்தனை வருசமா கண்ணு முழிச்சது போதும்ண்ணா, ராத்திரி வீட்ல நிம்மதியாத் தூங்குங்க." நிம்மதியாத் தூங்குங்க. பெரிய முதலாளியின் பையன், எஞ்சினியரிங் படித்தவன், நல்ல பையன். நேரில் தம்பி, வாங்க, போங்க என்பேன். மனசுக்குள் அவன் இவன்தான். அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, அதுதான் கசக்கிறது. திட்டி வெளியே போ என்று சொல்லியிருந்தால் கத்தியிருக்கலாம், யூனியன் ஆபீஸுக்குப் போயிருக்கலாம். தூங்கச் சொல்கிறவனை என்ன செய்ய முடியும்.

கண் கூசுகிறது. ஜன்னல் வழியாக வருகிற இந்த வெயில் எனக்குப் பழக்கமில்லாத ஆள் மாதிரி முகத்தில் முகம் வைத்து நிற்கிறது. இந்த அறைக்கு ஜன்னல் இருப்பதே பகலில் வந்தால்தான் தெரிகிறது. சர்வரின் முகத்தில் சந்தனம், நடுவில் குங்குமம், தலைமேல் மாவிலை, காலடியில் எலுமிச்சம்பழம். வருஷா வருஷம் நான்தான் பொட்டு வைப்பேன். லோடு ஏற்றுகிற பச்சமுத்து வருஷா வருஷம் வாசலில் நின்று அதையே கேட்பான், "ஏஞ்சாமி, லாரிக்குப் பழம் வெச்சா சக்கரத்துல ஏத்தி நசுக்குவோம். உம்பட பொட்டிக்குச் சக்கரமே காணோம், எதை வெச்சு நசுக்குவ?" நான் "ஒங்கொண்டையை வெச்சு" என்பேன், அவனுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது, எல்லோரும் சிரிப்பார்கள், கணக்குப் பிரிவுப் பெண்கள்கூட. நேற்றும் கேட்டான். நேற்று எனக்கு அந்தப் பதில் வரவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்துவிட்டு அப்படியே காலையில் செட்டிங் போட்டுக்கொண்டிருந்தேன், தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி. அந்தப் பஞ்சுக்குள்தான் எனேபிள் கிடக்கிறது, அல்லது கிடக்கவில்லை. வரிசையாக யோசித்துப் பார்க்கலாம். முதலில் கவின் வந்தான், பொரிகடலைத் தட்டோடு. "ஏண்ணா, நீங்க சர்வர் வந்ததும் உடனே ஸ்டார்ட் பண்ண மாட்டீங்களாமே, டீ குடிச்சிட்டுத்தான் பண்ணுவீங்களாமே" என்றான். ஆமாம் தம்பி, டேட்டா எல்லாம் இருக்கிற டிஸ்க் தனிப் பெட்டி, அது மெதுவாகத்தான் வந்து சேரும், அதற்கு முன்னால் இதை எழுப்பினால் இதற்கு வீடு எது வாசல் எது என்று தெரியாமல் விழுந்துவிடும் என்றேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எத்தனையோ முறை அது விழுந்து, நான் வேர்த்து, இங்கிலீஷ் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இணையத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படித்து, ஒரு மழைக்காலம் பூராவும் தடவித் தடவிக் கண்டுபிடித்தது. கவின் போனை எடுத்தான், கட்டைவிரலால் என்னமோ தட்டினான், வாயில் இருந்த பொரியை மென்று முடிக்கவில்லை, "இந்தாங்கண்ணா, இந்த ஒரு வரியைச் சேத்துருங்க, டிஸ்க் வர்ற வரைக்கும் அதுவே வெயிட் பண்ணும்" என்று காட்டினான். சரியான வரி. என் ஒரு மழைக்காலம் அவனுடைய ஒரு வாய்ப் பொரி. நான் அந்த வரியைச் சேர்த்தேன். ஸ்டார்ட் அடித்தேன். ஸ்டேட்டஸ் பார்த்தேன், பச்சை. கவின் பச்சையைப் போட்டோ எடுத்துக்கொண்டு "சூப்பர்ண்ணா" என்று போய்விட்டான். அந்தப் பச்சை அப்போதைக்கு ஓடுகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. நாளைக்கு எழுமா என்பதை அதற்கு மேல்வரி சொல்லும், சின்ன எழுத்தில், அதை யாரும் பார்ப்பதில்லை, கவினும் பார்க்கவில்லை. அதற்கு அப்புறம்? அதற்கு அப்புறம்தான் பஞ்சு.

கையைக் கேட்டுப் பார்க்கலாம். கைக்கு ஞாபகம் அதிகம். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, ராத்திரியில் டெலிபோன் எடுக்கவும் கேட் பதிவு எழுதவும் வந்தவன். இந்த சர்வரை மாட்டிவிட்டுப் போன சென்னைக்காரர், முதல்முறை கரண்ட் போய் டேட்டாபேஸ் படுத்தபோது போனில் என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போது கீபோர்டில் எழுத்துகள் வரிசையாக இல்லாததே ஒரு சதி மாதிரி இருந்தது. அவர் சொல்லுகிற எழுத்து எஸ்ஸா எஃப்பா என்று காதில் விழாது. "சார், நம்ம ஸ்டேஷன் பேர்ல சொல்லுங்க" என்றேன். பார்சல் ஆபீஸில் நாங்கள் அப்படித்தான் பேசுவோம், எந்தப் பெயரையும் போனில் ஊர் ஊராக உடைத்துத்தான் சொல்லுவோம். அவருக்குப் பாதி ஊர் தெரியாது, நான் சொல்லச் சொல்ல அவர் ஆமாம் போட்டார். சேலம், ஏற்காடு, சேலம், திருப்பூர், ஈரோடு, மதுரை, சென்னை, திருப்பூர், லால்குடி. ஊர்களின் இங்கிலீஷ் முதலெழுத்தைச் சேர்த்தால் சிஸ்டம்சிடிஎல், சர்வருக்கு எந்த உத்தரவுக்கும் முன்னால் அடிக்கவேண்டிய சொல். உலகத்தில் எந்த லாரியும் போகாத ரூட். அதற்கு அப்புறம் ஒரு இடைவெளி. அதற்கு அப்புறம் ஸ்டார்ட், சேலம், திருப்பூர், ஆத்தூர், ராசிபுரம், திருப்பூர். இன்றைக்கும் என் விரல் எழுத்துகளைத் தொடுவதில்லை, ஊர்களைத்தான் தொடுகிறது. எனேபிள் என்றால் ஈரோடு, நாமக்கல், ஆத்தூர், பவானி, லால்குடி, ஈரோடு. பவானி. அங்கேதான் நான் நிற்கவேண்டும். ஸ்டார்ட்டிலும் பவானி இல்லை, ஸ்டேட்டஸிலும் பவானி இல்லை. அந்த எழுத்து வந்தால் விரல் ஒரு நொடி நின்றுதான் போகும், எப்போதும் அப்படித்தான், ஏனென்றால் அது என் மனைவி சாரதாமணியின் ஊர். கூடுதுறைப் பக்கம் அவர்கள் வீடு. கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா கொடுத்த பவானி ஜமக்காளத்தில்தான் இன்னமும் பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறேன், சிவப்பும் பச்சையும் போய் இப்போது எல்லாக் கோடும் ஒரே நிறம். நேற்று விரல் பவானியில் நின்றதா? நின்ற மாதிரியும் இருக்கிறது. ஆனால் அது முந்தாநாள் ராத்திரி முழுக்க மனசுக்குள் அடித்துப் பார்த்ததாகவும் இருக்கலாம். அடிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அடித்துப் பார்த்தது. அடிக்காமல் விட்டால் யாருக்குத் தெரியும், இன்றைக்கு அது எழாது, கவின் உதட்டைப் பிதுக்குவான், பழைய பெட்டிண்ணா, சரி விடுங்க, நீங்களே ராத்திரி பாத்துக்குங்க என்பான். அப்படி நினைத்தேன். நினைத்ததைச் செய்தேனா என்பது தெரியவில்லை. இந்த வயதில் ஒருவன் தான் நல்லவனா கெட்டவனா என்று தெரிந்துகொள்ள ஒரு பெட்டி கண் விழிப்பதற்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

திரை இன்னும் கறுப்பு. அலறின காற்றாடிகள் அடங்கிவிட்டன, இப்போது அது தன் நினைவுகளை எல்லாம் எண்ணிச் சரிபார்த்துக்கொள்கிறது, அப்புறம்தான் வாய் திறக்கும். கவின் சுவரில் சாய்ந்து போனைப் பார்க்கிறான். வெளியே முற்றத்தில் லாரிகளுக்கு வாழைக்கன்று கட்டி மாலை போட்டு வைத்திருக்கிறார்கள், பூசணிக்காயில் சுண்ணாம்பும் குங்குமமும் கரைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள், பெரிய முதலாளி அர்த்தநாரி ஐயாவின் குரல் கேட்கிறது, நல்ல நேரம் முடியறதுக்குள்ள எல்லாம் கிளம்பணும்டா என்று. ராத்திரி வீட்டில். ராத்திரியில் என் வீடு எப்படி இருக்கும். யோசித்துப் பார்த்தால் எனக்குத் தெரியாது. வாடகைக்கு விட்ட வீடு மாதிரி. சாரதா எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறாள், விடிவிளக்கு போடுகிறாளா, பக்கத்து வீட்டு நாய் எத்தனை மணி வரை குரைக்கும், ஃபேன் சத்தம் போடுமா, எதுவும் தெரியாது. கல்யாணமான புதிதில் தெரிந்திருந்தது. அப்போது எனக்குத் தூக்கம் வராது. சின்ன வயதிலிருந்தே வராது, படுத்தால் மண்டைக்குள் யாரோ ஒருத்தன் எழுந்து உட்கார்ந்துகொள்வான். எழுந்து நடப்பேன். சமையல்கட்டுக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் சமையல்கட்டுக்கும். மகள் தாரணி கைக்குழந்தை, என் காலடிச் சத்தத்தில் முழித்து அழுவாள். ஒரு நாள் சாரதா இருட்டிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னாள், "ஊரே தூங்கறப்ப நீங்க மட்டும் நடந்துக்கிட்டே இருந்தா எனக்குப் பயமா இருக்குதுங்க." அதட்டவில்லை, அழவில்லை. பயம் என்று சொன்னாள். அந்த வார்த்தையோடு என்ன செய்வது என்று தெரியாமல்தான் இந்த ராத்திரி வேலையைத் தேடிப் பிடித்தேன். முதல் நாள் வேலைக்குக் கிளம்பி வாசல்படி இறங்கினேன், பின்னாலேயே கதவின் தாழ்ப்பாள் விழுந்தது. நான் செருப்பு மாட்டி முடிக்கவில்லை, அதற்குள். ஒரு பெருமூச்சு மாதிரியான சத்தம், இரும்பாலே விட்ட பெருமூச்சு. அப்பாடா போய்விட்டான். அந்தச் சத்தத்தை நான் தினமும் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். ஒரு நாளும் அது தாமதமாக விழுந்ததில்லை.

அப்புறம் அந்த வீடு நான் இல்லாமல் ஓடக் கற்றுக்கொண்டது. யாரும் எனேபிள் அடிக்கவில்லை, அதுவாகவே கற்றுக்கொண்டது. விடிந்து நான் உள்ளே போகும்போது சாரதா கொலுசுப் பட்டறைக்குக் கிளம்பி நிற்பாள், பிளாஸ்கில் டீ இருக்கும், தட்டுமேல் தட்டு கவிழ்த்து மூடி வைத்த சோறு இருக்கும். ரேஷன் என்றைக்குப் போடுகிறார்கள், கேஸ் எப்போது தீர்ந்தது, தாரணி எந்த வகுப்பு, எல்லாமே எனக்கு முடிந்துபோன செய்தியாகத்தான் வந்து சேரும். நான் தூங்குவதற்காக ஜன்னலில் கறுப்பு அட்டை ஒட்டி வைத்தார்கள். குக்கர் விசில் சத்தத்தில் நான் முழித்துக்கொள்கிறேன் என்று விடுமுறை நாளில் குக்கரே வைக்காமல் சட்டியில் வடித்தாள் சாரதா. அப்பா தூங்குறாரு, அப்பா தூங்குறாரு. தாரணி சத்தம் வராமல் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். தோழிகள் வந்தால் எல்லாப் பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு தோளை மட்டும் குலுக்கிச் சிரிப்பதைக் கதவு இடுக்கில் ஒரு தடவை பார்த்தேன், ஊமைகள் பள்ளிக்கூடம் மாதிரி. நான் தூங்கவில்லை, சும்மாதான் படுத்துக் கிடந்தேன், வெளியே வந்து, சத்தமாகச் சிரிங்க கண்ணு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்கள் எனக்காக அவ்வளவு சிரமப்பட்டு உண்டாக்கிய தூக்கத்தை, அது பொய் என்று எப்படிச் சொல்வது. இப்போது தாரணி கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறாள், போனில் பேசும்போதும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறாள், பழகிவிட்டது. முழித்துக்கொண்டு பேசுகிற மனுஷனிடமும் கிசுகிசுக்கிற பிள்ளை. அந்த வீட்டுக்கு நாளை ராத்திரி நான் போய் நின்றால் அது எங்கே என்னை மாட்டிக்கொள்ளும். அதற்கு நான் தேவையில்லாத உதிரிப் பொருள். சாரதா கட்டிலின் நடுவில் படுக்கப் பழகியிருப்பாள், அவளை நகரச் சொல்லவேண்டும். நகருவாள். தலையணையையும் எடுத்துக்கொண்டு சுவரோரமாக நகருவாள். மண்டைக்குள் இருக்கிறவன் எழுந்து உட்காருவான். நான் நடப்பேன். பயமா இருக்குதுங்க. இங்கே முற்றத்தில் லாரிகளுக்கு நடுவே எத்தனை தடவை நடந்தாலும் ஒரு லாரியும் பயப்படுவதில்லை.

வந்துவிட்டது. வரிகள் ஓடுகின்றன, கறுப்புத் திரையில் இடது பக்கம் ஒவ்வொன்றாகப் பச்சை ஓகே, ஓகே, ஓகே, கூலி வாங்க வரிசையில் நிற்கிறவர்கள் பெயர் சொன்னதும் ஆமாம் சொல்லுகிற மாதிரி. கவின் போனைப் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தான். எதில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நின்றுவிட்டது. டிஸ்க் இன்னும் வரவில்லை. ஒரு வேலை துவங்கக் காத்திருக்கிறது என்று கீழே ஒரு வரி, அதன் பக்கத்தில் சின்னச் சின்னச் சிவப்பு நட்சத்திரங்கள் இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாக நடந்துகொண்டிருக்கின்றன. சமையல்கட்டுக்கும் வாசலுக்கும். "இதென்னண்ணா, தொங்கிருச்சா?" என்றான் கவின். "இல்லீங்க தம்பி, நடக்குது, அவ்வளவுதான்." "எவ்வளவு நேரம்?" "வர்ற வரைக்கும்." அவன் சிரித்தான், நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டான். வராமல் போனால் நல்லது. டிஸ்க் வராமல் போகட்டும், சிவப்பு அப்படியே நடந்துகொண்டே இருக்கட்டும், யார்மேலும் தப்பில்லை, நான் அடித்தேனா இல்லையா என்ற கேள்வியே எழாமல் போகட்டும். இல்லை, வந்து தொலையட்டும். எனேபிள் இல்லாமல் கிடந்து கவின் அந்தச் சின்ன எழுத்து மேல்வரியைப் படித்துவிட்டால்? அண்ணா, இதை நீங்க போடவே இல்லையே என்று கேட்டால்? திட்ட மாட்டான். அவன் முகத்தில் ஒரு இரக்கம் வரும், பாவம் மனுஷன், வேலை போயிடுமோன்னு பயந்துட்டார் என்று. அவனுக்கு எப்படிப் புரியவைப்பது, வேலைக்குப் பயமில்லை தம்பி, தூங்கப் போவதற்குத்தான் பயம் என்று. நடக்கிற சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நின்றது. டிஸ்க், ஓகே. அடுத்த வரி, அடுத்த வரி, கண் பின்தொடர முடியாத வேகத்தில் மிச்சமெல்லாம் ஓடிப்போய், சுத்தமாக எல்லாம் அழிந்து, உள்ளே வருகிறவர் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டு கர்சர் மினுக்கியது.

"அடிங்கண்ணா, ஸ்டேட்டஸ்." பெயர் கொடுத்தேன், பாஸ்வேர்ட் கொடுத்தேன், விரல் ஒரு முறை வழுக்கியது, மறுபடி கொடுத்தேன். சேலம், ஏற்காடு, சேலம், திருப்பூர், ஈரோடு, மதுரை, சென்னை, திருப்பூர், லால்குடி. இடைவெளி. சேலம், திருப்பூர், ஆத்தூர், திருப்பூர், உடுமலை, சேலம். பச்சை. ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் தொடாமல், யாரும் டீ குடித்து முடிக்கக் காத்திராமல், டிஸ்க் வந்த மறு நொடி எழுந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மேல்வரியைப் பார்த்தேன், சின்ன எழுத்து. எனேபிள்ட். அடித்திருக்கிறேன். எப்போது என்று இப்போதும் ஞாபகம் வரவில்லை, என் கை எனக்குச் சொல்லாமலே பவானி வழியாகப் போய் வந்திருக்கிறது. நல்லவன் என்று தெரிந்ததும் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வாயில் சுண்ணாம்பு கரைந்த மாதிரி இருந்தது. கவின் என் தோளைத் தட்டினான், "முடிஞ்சுதுண்ணா. இவ்வளவுதான்." இவ்வளவுதான். அதற்குள் அர்த்தநாரி ஐயா கற்பூரத் தட்டோடு உள்ளே வந்துவிட்டார், பின்னால் கணக்குப் பிரிவு, டிரைவர்கள், பச்சமுத்து, வேர்வையும் விபூதியுமாக அறை நிறைந்துபோனது. ஐயாவுக்கு ஒரு நம்பிக்கை, வருஷத்தில் ஒரு நாள் விஜயதசமியன்று முதல் லாரியின் சாவியைத் திருப்புவதும் இந்தப் பெட்டியை எழுப்புவதும் ராசியான கையாக இருக்கவேண்டும், லாரிக்கு அவர் கை, பெட்டிக்கு என் கை. "மாதேசு, கையை வெய்யி" என்றார். கவின், "அப்பா, அது ஏற்கனவே எந்திரிச்சு ஓடிட்டு இருக்குது" என்றான். "ஓடுனா ஓடட்டும்டா. மாதேசு கையாலதான் கிளப்பணும். நல்ல நேரம் போகுது, வெய்யி சாமி." கவின் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான், சும்மா அடிச்சு விடுங்கண்ணா. எல்லோரும் என் விரலைப் பார்க்கிறார்கள். ஸ்டார்ட் அடித்தேன், ஆத்தூர் வழி, ராசிபுரம் வழி. ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கிளம்பு என்று சொன்னால் அது ஒன்றும் சொல்லாது. தப்பு என்றும் சொல்லாது, சரி என்றும் சொல்லாது, கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் அடுத்த வரியில் கர்சர் வந்து நிற்கும். நின்றது. "கிளம்பிருச்சா?" என்றார் ஐயா. "கிளம்பிருச்சுங்கய்யா." கை தட்டினார்கள். கற்பூரத்தை என் முகத்துக்கும் காட்டினார். கேட்டில் பூசணிக்காய் உடைகிற சத்தம். "இந்த வருசமும் நசுக்கலியே சாமி உன் பழத்தை" என்றான் பச்சமுத்து. குனிந்து பழத்தை எடுத்து அவன் கையில் வைத்தேன். "நீயே ஜூஸ் போட்டுக் குடிச்சுக்க." அவன் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு முடியலீங்களா" என்று பன்மைக்கு மாறிவிட்டான்.

வெளியே வந்து முற்றத்து வெயிலில், மாலை போட்ட ஒரு லாரியின் நிழல் பார்த்து நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். இந்த நேரத்தில் நான் கூப்பிடுவதில்லை, இந்த நேரத்தில் நான் தூங்குகிறவன். "என்னங்க, பூசை முடிஞ்சுதுங்களா?" என்றாள் சாரதா. முடிந்தது என்றேன். எலுமிச்சை வாசனை கையில் இருந்தது. "சாரதா, இனிமே ராத்திரி வேலை இல்ல." "வேலைய விட்டு எடுத்துட்டாங்களா?" "இல்ல, பகலுக்குப் போட்டுட்டாங்க. நாளையிலிருந்து." "அப்ப ராத்திரி?" "ராத்திரி வீட்லதான்." அந்தப் பக்கம் திடீரென்று ஒரு சத்தம் கிளம்பி என் காதைக் கிழித்தது. குக்கர். எங்கள் வீட்டுக் குக்கர் இவ்வளவு சத்தமாக விசில் அடிக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அது அடங்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம். "நாளைக்கு ஆபீஸ் முடிஞ்சு வர்றதுக்கு நேரமானா நீ தாழ்ப்பாப் போட்டுப் படுத்துக்க, வந்து கூப்பிடறேன், உன் தூக்கம்தான் கெடும்" என்றேன். "எந்தத் தூக்கம்?" என்றாள். "நீங்க வாசப்படி எறங்குனதுக்கப்புறம் இந்த வீட்ல யாருங்க தூங்குனா? தாரணி இருந்த வரைக்கும் அவ தூங்குனா." கோபமாகச் சொல்லவில்லை, கேஸ் தீர்ந்துபோச்சு என்று சொல்லுகிற குரலில் சொன்னாள். "தாழ்ப்பாப் போட்டுட்டு அந்தக் கதவுலயே சாஞ்சு உக்காந்துக்குவேன். தனியா இருந்தா ஒவ்வொரு சத்தமும் கேக்குமில்ல." "இத்தனை வருசமாவா?" "ஆமாங்க." "ஏஞ்சொல்லல?" "எப்பச் சொல்றது? நீங்க வர்றப்ப நான் கெளம்பி நிப்பேன். நான் வர்றப்ப நீங்க தூங்கிட்டு இருப்பீங்க. தூங்கற மனுசனை எழுப்பி நான் தூங்கலைன்னு சொல்லச் சொல்றீங்களா?" லாரிக்காரன் ஒருத்தன் என் பக்கத்தில் வந்து கதவைத் திறந்து ஏறினான், நிழல் நகரப்போகிறது. "சரி, வாங்க" என்றாள். "வந்து ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு உக்காந்து என்னங்க பண்ணப் போறோம்?" லாரி கிளம்பியது, எலுமிச்சம்பழங்கள் சக்கரத்துக்கு அடியில் நசுங்கின, வெயில் முழுசாக என்மேல் விழுந்தது. போனுக்குள் மறுபடி விசில் வந்தது. இரண்டு. எங்கள் வீட்டில் சோற்றுக்கு எத்தனை விசில் என்று எனக்குத் தெரியாது. அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்காமல் அடுத்ததை எண்ணுவதற்காக நின்றுகொண்டிருந்தேன்.